கடலுக்கு ஒன்பது கிலோமீட்டர் முன்னால்

தஞ்சாவூர்க் கல்யாணப் பந்தியில் ஹுவீ லிங் மூன்று முறை சாம்பார் கேட்டு வாங்கினாள். பரிமாறியவருக்கு அவளை மிகவும் பிடித்துப் போய்விட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்த சீனப் பெண் கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்க்க இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். அடுத்த இலையில் நான். சோற்றை விரலால் ஓரமாக ஒதுக்கி, மேலே அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, நன்றாகச் சாப்பிட்டவள் போல இலையை மூடி எழுவது எனக்குக் கைவந்த வித்தை. ஏழு வருடப் பழக்கம்.

கல்யாணம் என் பெரியம்மா பேத்திக்கு. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் சிங்கப்பூர்தான். தஞ்சாவூர் என்றால் எனக்கு உறவினர் வீடும் ஒரு மண்டபமும், அவ்வளவே. ஆனால் இந்த முறை கல்யாணத்துக்குப் பிறகு ஆறு நாள் விடுப்பு மிச்சம் வைத்திருந்தேன். கல்லணையில் தொடங்கி, காவிரியை ஒட்டியே ஓடி, பூம்புகாரில் கடலைத் தொடுவது என்பது திட்டம். நான்கு நாள் ஓட்டம், ஒரு நாள் கைவசம். இதை வரைபடத்தில் முதலில் பார்த்தவள் ஹுவீ லிங். ஆறு எங்கே முடிகிறதோ அங்கே நாமும் முடிக்கலாம் என்றாள். அவளுக்கு நாற்பத்தாறு வயது, நீச்சல் சொல்லித் தருகிறாள். எனக்கு நாற்பத்தொன்று, மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் நாங்கள். பதக்கம் எதுவும் வாங்கியதில்லை, வாங்கப் போவதும் இல்லை. ஆனாலும் விடியற்காலை நான்கரைக்கு எழுந்துவிடுவோம்.

எங்கள் தண்ணீர், மருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் சுமந்து வர ஒரு ஷேர் ஆட்டோ. அதன் சொந்தக்காரரும் ஓட்டுநரும் தேன்மொழி. பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம், முப்பத்தெட்டு வயது. அவருடைய அம்மா கூலிக்கு நடவு நட்டவர். இப்போது அவர்களே கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறார்கள், தேன்மொழி ஆட்டோவும் ஓட்டுகிறார். பள்ளியில் கபடி ஆடியவராம். முதல் நாள் எங்கள் காலணிகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு கபடி ஆடினால் வழுக்கும் என்றார்.

கல்லணையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பொங்கல் முடிந்து ஒரு வாரம். மதகுகளின் இரைச்சலைப் பின்னால் விட்டு ஆற்றங்கரைச் சாலையில் ஏறினோம். சிங்கப்பூரில் நாங்கள் ஓடும் பாதையில் தூரம் தரையிலேயே எழுதியிருக்கும், குடிதண்ணீர்க் குழாய் இருக்கும், எதிரே வருபவர் ஒதுங்குவார். இங்கே எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்தால் நாம்தான் வாய்க்கால் பக்கம் இறங்க வேண்டும். நாய்கள் வேறு. மூன்று நாய்கள் ஒரே நேரத்தில் குரைத்துக்கொண்டு வந்தபோது நான் ஹுவீ லிங் முதுகுக்குப் பின்னால் போனேன். தேன்மொழி ஆட்டோவை நிறுத்தி, தரையில் கல் எடுப்பது போலக் குனியச் சொன்னார். குனிந்தோம். நாய்கள் திரும்பிவிட்டன. அன்று மட்டும் ஏழு முறை குனிந்திருப்போம்.

டீக்கடைகளில் ஒரே கேள்வி. எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேட்டார்கள். முதல் கடையில் நான் விளக்கமாகச் சொன்னேன்: இது வேண்டுதல் இல்லை, உடற்பயிற்சி, நாங்களாக விரும்பி ஓடுகிறோம். கேட்ட பெரியவர் பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "சரிம்மா, சொல்ல வேணாம்னா விட்டுடுங்க" என்றார். மூன்றாவது கடையிலிருந்து வேண்டுதல்தான் என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். அதற்கப்புறம் யாரும் டீயை மட்டும் கொடுத்து அனுப்பவில்லை. பன்னோ பழமோ கையில் வந்தது. ஹுவீ லிங் அங்கேயே தின்றாள். நான் அப்புறம் சாப்பிடுகிறேன் என்று இடுப்புப் பையில் வைத்துக்கொண்டேன்.

திருவையாற்றில் அன்றைய ஓட்டம் முடிந்தது. இனிப்புக் கடையில் நெய் மினுங்கும் அசோகாவைச் சூடாகத் தந்தார்கள். பாசிப்பருப்பில் செய்வது, வாயில் வைத்ததும் கரையும். ஹுவீ லிங் இரண்டு வாங்கினாள். நான் ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மீதியை இலையோடு மடித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். நிமிர்ந்தபோது, கைகழுவும் இடத்திலிருந்து தேன்மொழி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஓடத் தொடங்கியபோது எனக்கு முப்பத்து நான்கு வயது, எடையும் அதிகம். எடை குறையக் குறைய ஓடும் வேகம் கூடியது. வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். இன்னும் குறைந்தால் இன்னும் வேகம் என்ற கணக்கு அப்போது மனதில் உட்கார்ந்ததுதான். வேகம் கூடுவது நின்று நான்கு வருடம் ஆகிறது. கணக்கை மட்டும் நான் விடவில்லை. போன வருடம் வலது பாதத்து எலும்பு ஒன்றில் விரிசல் விழுந்தது. படத்தை நானே பார்த்தேன். எங்கும் மோதாமல், எங்கிருந்தும் விழாமல் வருகிற விரிசல் அது. என்ன சாப்பிடுகிறீர்கள், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று மருத்துவர் கேட்டார். பத்து மாதமாக வரவில்லை. நிற்கிற வயதில்லை இது, ஓட்டத்துக்கு வேண்டிய சாப்பாடு உடம்புக்குப் போகவில்லை என்றார். ஹுவீ லிங்கிடம் நான் படிக்கட்டில் தவறி விழுந்துவிட்டதாகச் சொன்னேன்.

இரண்டாம் நாள் கும்பகோணம் வரை போவதாக ஏற்பாடு. காலையில் அரை இட்லி சாப்பிட்டேன். கபிஸ்தலத்துக்கு முன்னால், அறுவடை மெஷின் ஏற்றி வந்த லாரி ஒன்று வளைவில் மண்ணில் இறங்கி, சாலையின் குறுக்கே நின்றுவிட்டது. நாங்கள் இருவரும் ஓரமாக நுழைந்து ஓடிவிட்டோம். தேன்மொழியின் ஆட்டோ பின்னால் மாட்டிக்கொண்டது. எங்கள் சாப்பாடு முழுக்க அதில்தான் இருந்தது. என் இடுப்புப் பையிலிருந்த பழங்களை அன்று காலை விடுதியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். சுமை எதற்கு என்ற எண்ணம்.

சாலையின் பாதிக்கு மேல் நெல் காயப் போட்டிருந்தார்கள். வெயில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் எனக்குக் காதுக்குள் கூவென்றது. கைகள் நடுங்கின, நெற்றியில் வேர்வை சில்லென்று இருந்தது. நெல் குவியலை ஒட்டி உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. ஹுவீ லிங் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது, பதில் சொல்ல வாய் வரவில்லை. காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்தார். யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. மரத்தடியிலிருந்த தூக்குச் சட்டியைத் திறந்து, தயிர்சோற்றைக் கரைத்து, மூடியில் ஊற்றி என் வாயருகே பிடித்தார். உப்பும் புளிப்புமாக உள்ளே போனது. இரண்டு மூடி குடித்ததும் நடுக்கம் குறைந்தது. மூன்றாவதை நானே வாங்கிக் குடித்தேன். அது அவருடைய மதியச் சாப்பாடு என்பது காலிச் சட்டியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குள் தேன்மொழி வந்துவிட்டார். ஆட்டோவை அங்கேயே விட்டுவிட்டு, யாரோ ஒருவரின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, மடியில் வாழைப்பழச் சீப்போடு வந்திருந்தார். இரண்டு பழத்தை உரித்து நெல்காரப் பெண்ணிடம் கொடுத்தார், எனக்கு ஒன்றைக் கொடுத்தார், எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நான் ரெண்டு நாளா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க சாப்பிடுற மாதிரி காட்டுறீங்க, சாப்பிடறதில்ல. இப்புடி ஓடுனா ஒருநாள் எழுந்திரிக்கவே மாட்டீங்க."

ஹுவீ லிங்குக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டாள்.

வெயில் அதிகமாகிவிட்டது, நாம் தண்ணீர் போதுமான அளவு குடிக்கவில்லை என்கிறார் என்று சொன்னேன்.

தண்ணீர் என்பதற்கான ஆங்கிலச் சொல் தேன்மொழிக்குத் தெரியும். என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு எழுந்து, லாரியை எடுத்தார்களா என்று யாருக்கோ போன் செய்யப் போய்விட்டார். என்னைக் காட்டிக் கொடுக்காமல் அவர் நகர்ந்து போனது, திட்டுவதைவிட அதிகமாக வலித்தது.

மிச்ச தூரத்தை நடந்தோம். சுவாமிமலையைத் தாண்டிக் கும்பகோணம் சேரும்போது சாயங்காலம். விடுதி அறையில் ஹுவீ லிங் தரையில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்கு இன்னும் சீக்கிரம் கிளம்பலாம், தண்ணீர் பாட்டில் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் சொன்ன பொய்யை நம்பி அவள் திட்டம் போடுவதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

தேன்மொழி சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன் என்றேன். அவர் உண்மையில் என்ன சொன்னார் என்று சொன்னேன். அதோடு நிறுத்த முடியவில்லை. படிக்கட்டு, எக்ஸ்ரே, பத்து மாதம் எல்லாம் வந்துவிட்டன.

அவள் கெண்டைக்காலிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள்: "நீ கால் கட்டோடு வீட்டில் இருந்த ஆறு வாரமும் உனக்குக் காய்கறி வாங்கி மூன்று மாடி ஏறி வந்தேனே. அதையெல்லாம் என்ன செய்தாய்?"

"பாதியை எறிந்துவிட்டேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தவள் கையில் இரண்டு பொட்டலம் பரோட்டா. ஒன்றை என் முன்னால் வைத்தாள். நாளைக்கு ஓட்டம் இல்லை என்றாள். மறுநாளிலிருந்து ஒரு வேளைச் சாப்பாட்டை நான் ஒளித்தாலும் அவள் ஆட்டோவில் ஏறிவிடுவாள், பயணம் அங்கேயே முடியும். "உன்னோடு ஓட எனக்குப் பிடிக்கும். உன்னைப் புதைத்துவிட்டு ஊருக்குத் திரும்ப என்னால் முடியாது" என்றாள். அவள் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. நான் பரோட்டாவைப் பிரித்தேன்.

ஓய்வு நாளில் சாப்பிடுவதுதான் வேலை. நாற்பது கிலோமீட்டர் ஓடுவதைவிட அது கடினமாக இருந்தது என்றால் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குச் சிரிப்பு வரும். காலையில் இட்லியும் கடப்பாவும். பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்த அந்தக் குழம்பு கும்பகோணத்துக்காரர்களின் பெருமை. இரண்டாவது இட்லி வரை எளிது. மூன்றாவதில் மனசுக்குள் பழைய கணக்கு ஓடத் தொடங்கியது. நான்காவதை முடித்தபோது அழுகை வரும்போல இருந்தது. ஹுவீ லிங் செய்தித்தாளில் இருந்த படங்களைப் பார்ப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தாள். தேன்மொழி இன்னொரு கரண்டி கடப்பா ஊற்றச் சொன்னார்.

பிறகு அவரே தன் கதையைச் சொன்னார். பள்ளியில் கபடிக்கு எடை வரம்பு உண்டு. போட்டிக்கு முன் எடை பார்ப்பார்கள் என்பதால் இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பாராம். வீட்டில் கேட்டால் சோற்றைத் தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாராம். ஒரு போட்டியில் பாட்டுப் பாடிக்கொண்டே எதிரணிக்குள் போனவர் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது மயங்கி விழுந்தார். அத்தோடு எடை வரம்புள்ள ஆட்டத்தையே விட்டுவிட்டு, ஊர்ப் போட்டிகளில் கனத்த உடம்போடு ஆடினார். "அதுக்கப்புறந்தான்க்கா என்னை யாராலயும் அசைக்க முடியல" என்றார். ஒளித்து வைக்கிறவளை ஒளித்து வைத்தவள்தானே கண்டுபிடிக்க முடியும்.

அடுத்த நாள் மயிலாடுதுறை. அன்றைய ஏற்பாடு முழுக்கத் தேன்மொழியுடையது. அரை மணிக்கு ஒரு முறை அவர் செல்போனில் மணி அடிக்கும். அடித்ததும் ஆட்டோ எங்களுக்கு முன்னால் போய் நிற்கும். புளிச்சோற்றை எலுமிச்சை அளவு உருட்டி வாழையிலையில் கட்டி வைத்திருந்தார். உப்பு தூக்கலாகப் போட்ட மோர், பூவன்பழம், கடலை உருண்டை. பசிக்கவில்லை என்று சொல்லக்கூடாது. பசி வந்த பிறகு சாப்பிட்டால் அது நேற்றைய ஓட்டத்துக்குத்தான் போய்ச் சேரும் என்பது அவர் கட்சி. நாங்கள் சிங்கப்பூரிலிருந்து சுமந்து வந்த சத்து ஜெல் பொட்டலங்களில் ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இருமல் மருந்தா என்று கேட்டார்.

முதல் பத்து கிலோமீட்டர் வயிறு கனத்தது. ஒரு முறை ஏப்பத்தோடு புளிச்சோறு தொண்டைவரை வந்தது. வேகத்தைக் குறைத்து விழுங்கினேன். இருபதுக்கு மேல் எனக்கே விளங்காத ஒன்று நடந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் என் கண்ணுக்கு முன்னால் சாலையின் இரண்டு அடி மட்டும்தான் தெரியும், மற்றதெல்லாம் மங்கிவிடும். அன்று எல்லாம் தெரிந்தது. அறுத்த வயலில் உளுந்து முளைத்திருந்தது, கொக்குகள் அறுவடை மெஷினுக்குப் பின்னாலேயே நடந்தன, மதகடியில் யாரோ மாட்டைக் குளிப்பாட்டினார்கள். ஹுவீ லிங் ஏதோ சொல்லச் சிரித்தேன். ஓட்டத்தின் கடைசி ஐந்து கிலோமீட்டரில் நான் சிரித்து அவள் பார்த்ததே இல்லையாம். இத்தனை வருடம் மன உறுதி குறைவு என்று என்னை நானே திட்டிக்கொண்ட இடமெல்லாம் பட்டினிதான் என்று அன்று புரிந்தது.

கடைசி நாள். மயிலாடுதுறையிலிருந்து கடலுக்கு ஒரு காலைப் பொழுது ஓட்டம்தான். காற்றில் உப்பு வாடை வரும் என்று ஹுவீ லிங் முகர்ந்துகொண்டே ஓடினாள். பத்தாவது கிலோமீட்டரில் வலது பாதம் முனகியது. பன்னிரண்டில் ஒவ்வோர் அடிக்கும் குத்தியது.

யாருக்கும் தெரியாது. என் முகத்தில் எதுவும் காட்டாமல் ஓட எனக்குப் பழக்கம் உண்டு. காலணிக் கயிறு கட்டுவது போலக் குனிந்து, பழைய இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினேன். தசை வலி பரவலாக இருக்கும். இது ஒரு பொட்டு இடத்தில், நுனி விரலுக்குள் அடங்கியது. எத்தனை நோயாளிகளின் பாதத்தை எக்ஸ்ரே மேசையில் திருப்பி வைத்திருக்கிறேன். எனக்குத் தெரியும். சாப்பிடாமல் கழித்த ஏழு வருடத்தை இரண்டு நாள் சாப்பாடு சரிசெய்துவிடாது. அதற்கு மேலும் மூன்று கிலோமீட்டர் என்னோடு நானே பேரம் பேசியபடி ஓடினேன். கல்லணையிலிருந்து வந்தாகிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம்தான், பிறகு எத்தனை மாதம் வேண்டுமானாலும் ஓய்வெடுக்கலாம். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். பாதி இட்லி போதும் என்று சொல்லும் குரலும் அதுதான்.

கையைத் தூக்கி ஆட்டோவை நிறுத்தினேன்.

"கால் வலிக்குதாக்கா?" என்றார் தேன்மொழி.

"ஆமாங்க. எலும்புல வலிக்குது. அஞ்சு கிலோமீட்டரா."

கடலுக்கு இன்னும் எவ்வளவு என்று கேட்டேன். ஒன்பது என்றார். ஹுவீ லிங் திரும்பி ஓடி வந்தாள். நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றாள். அவளும் ஏறுவதாகச் சொன்னாள். வேண்டாம், நீ ஓடு என்றேன். நீ இல்லாமல் எதற்கு என்றாள். நீ நின்றால் அடுத்த முறை நான் வலியை மறைப்பேன் என்றேன். அவள் என் முழங்காலை ஒரு முறை அழுத்திவிட்டு, திரும்பி ஓடத் தொடங்கினாள்.

சிங்கப்பூர் திரும்பியதும் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு உடையவில்லை. உடைவதற்கு முந்தைய நிலையில் உள்ளே வீங்கியிருந்தது. பத்து வாரம் ஓடக்கூடாது, உணவு நிபுணரையும் மனநல ஆலோசகரையும் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இதெல்லாம் பிறகு.

அன்று அந்த ஒன்பது கிலோமீட்டரும் நான் ஆட்டோவின் பின்சீட்டில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, மணி அடிக்கும்போதெல்லாம் ஹுவீ லிங்குக்குப் புளிச்சோற்று உருண்டையும் மோரும் நீட்டினேன். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இறங்கி ஓட வேண்டும் என்று கால் துடித்தது. ஓட்டத்தில் எத்தனையோ முறை பல்லைக் கடித்திருக்கிறேன், உட்கார்ந்திருப்பதற்காக அவ்வளவு கடித்ததில்லை. கடைசித் திருப்பத்தில் மீன் வாடையும் அலைச் சத்தமும் ஒன்றாக வந்தன. ஹுவீ லிங் மணலில் தடுமாறிக்கொண்டே போய், காலணியோடு தண்ணீரில் இறங்கினாள். நான் நொண்டியபடி பின்னால் போய்க் கை தட்டினேன். தேன்மொழி தன் செல்போனில் படம் எடுத்தார்.

கரையில் ஓர் அம்மா மீன் வறுத்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும், எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். தேன்மொழி முந்திக்கொண்டு, இவர்கள் இரண்டு பேரும் கல்லணையிலிருந்து ஓடியே வந்தவர்கள் என்று பெருமையாகச் சொன்னார்.

"இல்லைங்க. அவங்கதான் முழுசா ஓடுனாங்க. நான் ஒம்பது கிலோமீட்டருக்கு முன்னாலேயே ஆட்டோல ஏறிட்டேன்" என்றேன்.

அந்த அம்மா கரண்டியை எண்ணெயில் வைத்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். கல்லணையா, ஒன்பதா என்பதில் அவருக்கு அக்கறை இல்லை. தட்டிலிருந்த சங்கரா மீன்களைக் காட்டினார்.

"சரி. உங்களுக்கு எது போடட்டும், சின்னதா பெருசா?"

"பெருசுங்க" என்றேன். தலையிலிருந்து வால் வரை தின்றேன். தட்டில் முள் மட்டும் இருந்தது.